ஐந்து பெயர்களில் மூன்றாவது: தாவர உயிர்த்தொழில்நுட்பக் கட்டுரையில் ஆசிரியர் யார்?

யாழ்ப்பாணத்து மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. இறுதியாண்டு ஆய்வுக்காகக் கதலி வாழையின் இழைய வளர்ப்பை, அதாவது செடியின் சிறு துண்டைப் போத்தலுக்குள் வளர்த்துக் கன்றுகளாக்கும் வேலையை, எட்டு மாதங்கள் தனியாகச் செய்திருக்கிறார். அந்த ஆய்வு இப்போது கட்டுரையாக வெளிவந்துள்ளது. ஐந்து ஆசிரியர்களில் அவருடைய பெயர் மூன்றாவது. இது முறையா, அந்த மூன்றாம் இடத்துக்கு என்ன பெறுமதி, வெளிநாட்டில் மேற்படிப்புக்கு விண்ணப்பிக்கும்போது யாராவது அதைக் கணக்கில் எடுப்பார்களா என்று கேட்கிறார்.

இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் இழைய வளர்ப்புக் கூடங்களில் கழித்தவன் என்பதால் இதற்குப் பதில் சொல்லும் கடமை எனக்கு இருக்கிறது. பிள்ளை, முதலில் நேரான பதில்: எட்டு மாத வேலையும் உங்களுடையது, கட்டுரையின் பெரும்பகுதி உங்கள் ஆய்வேட்டிலிருந்து எடுக்கப்பட்டது என்றால், முதலாம் இடம் உங்களுக்கு வந்திருக்க வேண்டும். ஆய்வேட்டின் தரவு கட்டுரையின் ஒரு பகுதி மட்டுமே, முன்பின் வேறு சிலரும் இரண்டு மூன்று ஆண்டுகள் அதே வாழையில் வேலை செய்திருக்கிறார்கள் என்றால், மூன்றாம் இடம் அநியாயம் ஆகாது. எது உண்மை என்பது கட்டுரையின் தலைப்புப் பக்கத்தைப் பார்த்து எவராலும் சொல்ல முடியாது. என்னுடைய முறைப்பாடே அங்கேதான் இருக்கிறது.

பெயர் வரிசை துறைக்குத் துறை வேறு பொருள் தரும். கணிதத்தில் பெரும்பாலும் அகரவரிசையில் போடுவார்கள்; அங்கே மூன்றாவதாக நிற்பதால் ஒன்றும் தெரியவராது. நமது துறையில் முதல் பெயர், ஆய்வைக் கையால் செய்து எழுதியும் முடித்தவருக்கு. கடைசிப் பெயர் ஆய்வுகூடத்தை நடத்துபவருக்கு, எண்ணத்தைத் தொடக்கி நிதி தேடியவருக்கு. நடுவில் நிற்பவர்களைப் பற்றி எந்த வழக்கமும் தெளிவாக எதையும் சொல்வதில்லை. ஒரு மாலைப்பொழுதில் புள்ளிவிபரக் கணக்கைச் செய்து கொடுத்தவரும் ஒரு வருடம் போத்தல்களுக்குக் காவல் இருந்தவரும் அங்கே அருகருகே நிற்பார்கள்.

2000 ஆம் ஆண்டில் சயன்ஸ் இதழில் வந்த பொன்னரிசிக் கட்டுரையை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி மணியின் வித்தகவிழையத்துக்குள் பீற்றா கரோட்டீன் உருவாகச் செய்த வேலை அது. ஏழு பெயர்கள். முதல் பெயர் சூடோங் யே. கடைசிக்கு முந்தியது பீட்டர் பையர், கடைசி இங்கோ பொட்ரிக்கஸ். உலகம் முழுவதும் பொன்னரிசி என்றதும் நினைவுக்கு வருவது இந்த இறுதி இருவரும்தான். அவர்கள் அந்தப் புகழுக்கு உரியவர்கள். பல ஆண்டுகள் அந்த எண்ணத்தைச் சுமந்தவர்கள். ஆனால் துறைக்குள் இருப்பவர் அந்தக் கட்டுரையை எடுத்ததும் கண் முதலில் போவது யே என்ற பெயரில். ஒரே வரிசையை இரண்டு கூட்டத்தார் இரண்டு விதமாகப் படிக்கிறார்கள்.

எனக்கு மிகவும் பிடித்த எடுத்துக்காட்டு இன்னும் பழையது. போத்தலில் செடிக்கு உணவாகும் கலவையை எம்.எஸ். ஊடகம் என்று சொல்லி நீங்கள் எட்டு மாதமும் கலக்கியிருப்பீர்களே, அதில் எம் என்பது டோஷியோ முராஷிகே, எஸ் என்பது ஃபோல்க் ஸ்கூக். அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழகத்தில் ஸ்கூக்கின் கீழ்க் கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தவர் முராஷிகே. புகையிலை இலைச் சாற்றைச் சேர்த்தால் வளர்ப்பிலுள்ள இழையம் வேகமாகப் பெருகுவதைக் கண்டு, அதற்குள் புதிய வளர்ச்சி ஓமோன் ஏதாவது ஒளிந்திருக்கிறதா என்று தேடினார்கள். சாற்றை எரித்தெடுத்த சாம்பலும் அதே வேலையைச் செய்தது. ஆகவே பெருமளவு காரணம் கனியுப்புக்கள். அந்த உப்புக்களின் அளவைத் திருத்தியமைத்த ஊடகம் 1962 இல் வெளிவந்தது. மாணவரின் பெயர் முதலில், ஆசானின் பெயர் இரண்டாவது. இந்த ஆசான் தன் பெயரை முன்னே தள்ளியிருந்தால் அன்று யாரும் தடுத்திருக்க மாட்டார்கள். புகையிலைச் செம்மண்ணில் பிறந்த எனக்கு, புகையிலைச் சாற்றில் தொடங்கிய அந்தக் கதையோடு தனியான நெருக்கம் உள்ளது. மாணவர்களுக்கு முதல் நாள் ஊடகம் கலக்கக் கற்பிக்கும்போது உப்புக்களின் பட்டியலுக்கு முன் இதைத்தான் சொல்வேன்.

இழைய வளர்ப்பில் இந்தப் பிரச்சினை ஏன் கூர்மையாகிறது என்பதை அந்த வேலையைச் செய்யாதவர்களுக்காகச் சொல்கிறேன். நீர்வேலித் தோட்டம் ஒன்றில் வாழைக்குட்டியைக் கிளப்பி, மண் போகக் கழுவி, மடல் மடலாக உரித்து, குளோரின் கரைசலில் தொற்றுநீக்கி, உள்ளே இருக்கும் வளர்நுனியை மட்டும் வெட்டி எடுக்க வேண்டும். ஊடகம் 121 பாகை செல்சியசில் பதினைந்து இருபது நிமிடம் அவிக்கப்பட்டிருக்க வேண்டும். வெட்டிய இடத்திலிருந்து பீனோல் கசிந்து ஊடகமே கறுத்துப்போகும். கறுத்ததும் மாற்ற வேண்டும். மூன்று நான்கு கிழமைகளுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் பிரித்துப் புது ஊடகத்தில் வைக்க வேண்டும். ஒரு போத்தலில் பங்கசு இழை வெண்மையாகத் தெரிந்தால் அதே தட்டிலுள்ள மற்றப் போத்தல்களை நினைத்து அன்றிரவு தூக்கம் வராது. இரண்டு கிழமை கைவிட்டால் எட்டு மாத வேலையும் போய்விடும். இதில் எண்ணம் ஒருவருடையதாக இருக்கலாம். ஆனால் செடியை உயிரோடு வைத்திருந்தவர் இல்லாவிட்டால் எழுதுவதற்குத் தரவே கிடையாது.

2022 இல் நாடு இருண்ட மாதங்களை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். மார்ச் கடைசியில் ஒரு நாளில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. வளர்ப்பறையின் குளிரூட்டி நின்றால் யாழ்ப்பாண வெயிலில் அறை சூளையாகிவிடும். பெற்றோலும் இல்லை. எங்கள் கூடத்துத் தொழில்நுட்ப உத்தியோகத்தர் ஒருவர் கோப்பாய்ப் பக்கமிருந்து சைக்கிளில் வருவார். மின்சாரம் வரும் நேரத்தைப் பார்த்து, அது விடியற்காலையோ பின்னிரவோ, வந்து ஊடகம் அவித்து, போத்தல்களை மாற்றி வைத்துவிட்டுப் போவார். எந்தப் போத்தலைக் காப்பாற்றலாம், எதை எறியலாம் என்ற முடிவுகளையும் அவரே எடுத்தார். பிறகு அந்தத் தரவை வைத்து எழுதிய கட்டுரையில் அவர் பெயர் ஆசிரியர் வரிசையில் இல்லை. நன்றியுரையில் ஒரு வரி மட்டும். அந்தக் கட்டுரையின் தொடர்பு ஆசிரியர், அதாவது இதழோடு எழுத்துத்தொடர்புக்குப் பொறுப்பானவர், நான். அவர் கட்டுரை எழுதவில்லையே என்ற காரணத்தை அன்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எழுதும்படி நான் அவரைக் கேட்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது.

இதற்குச் சர்வதேச நெறி ஒன்று இருக்கிறது. 1978 இல் வான்கூவரில் கூடிய மருத்துவ இதழாசிரியர்களின் குழுவிலிருந்து வளர்ந்த அமைப்பு வகுத்தது அது. தாவர அறிவியல் இதழ்கள் பலவும் அதைப் பின்பற்றுகின்றன. ஆசிரியர் என்பவர் நான்கையும் நிறைவேற்ற வேண்டும்: ஆய்வின் வடிவமைப்பிலோ தரவைப் பெறுவதிலோ பகுப்பாய்விலோ கணிசமான பங்கு, கட்டுரையை எழுதுவதில் அல்லது ஆழமாகத் திருத்துவதில் பங்கு, இறுதி வடிவத்துக்கு ஒப்புதல், வேலை முழுவதற்கும் பொறுப்பேற்கும் சம்மதம். பலர் இந்த நான்கையும் ஆட்களைக் கழித்துவிடப் பயன்படுத்துகிறார்கள். அதே நெறியில் இன்னொரு வாக்கியமும் உண்டு: முதல் நிபந்தனையை நிறைவேற்றியவர்களுக்குக் கட்டுரையை எழுதுவதிலும் திருத்துவதிலும் இறுதி ஒப்புதலிலும் பங்கெடுக்கும் வாய்ப்புக் கொடுக்கப்பட வேண்டும். வாய்ப்பைக் கொடுக்காமல் வைத்துவிட்டு 'நீ எழுதவில்லை' என்று பெயரை நீக்குவது நெறியையே தலைகீழாகப் பிடிப்பது. நான் செய்ததும் அதுதான். மறுபக்கமும் அதே நெறி தெளிவாகச் சொல்கிறது: நிதி பெற்றுத் தந்ததோ பொதுவாக மேற்பார்வை செய்ததோ மட்டும் ஒருவரை ஆசிரியர் ஆக்காது. துறைத்தலைவர் என்பதற்காகச் சேர்க்கும் மரியாதைப் பெயர்கள் நம் தீவில் எத்தனை கட்டுரைகளில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன என்பது துறைக்குள் இருக்கும் எவருக்கும் தெரியும்.

அப்படி ஏறுகிறவர்கள் நான்காவது நிபந்தனையை நினைப்பதில்லை. சீனாவில் குழந்தைகளுக்குப் பொன்னரிசி கொடுத்துச் செய்த சோதனையின் கட்டுரை 2012 இல் வெளிவந்து 2015 இல் மீளப்பெறப்பட்டது. உள்ளூர் அறநெறிக் குழுவின் அனுமதியையும் பெற்றோரின் முழுமையான ஒப்புதலையும் போதிய சான்றோடு காட்ட முடியவில்லை என்பது காரணம். வரிசையில் எந்த இடத்தில் நின்றிருந்தாலும் மீளப்பெற்ற கட்டுரை அத்தனை பேரின் பெயரோடும் கிடக்கும்.

இனி உங்கள் மூன்றாம் இடத்தை எண்கள் எப்படிப் பார்க்கும் என்பதைச் சொல்கிறேன். முழுக் கணக்கில் ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு கட்டுரை. ஒரே கட்டுரை ஐந்தாகப் பெருகிவிடும். பின்னக் கணக்கில் ஆளுக்கு ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 20 வீதம். இசைத்தொடர்க் கணக்கு என்று ஒன்று உண்டு: முதலாமவருக்கு ஒன்று, அடுத்தவருக்கு அரை, மூன்றாமவருக்கு மூன்றில் ஒன்று என்று இறங்கி, மொத்தத்தால் வகுப்பார்கள். ஐவர் கட்டுரையில் முதல்வருக்கு 43.8 வீதம், இரண்டாமவருக்கு 21.9, உங்களுக்கு 14.6, நான்காமவருக்கு 10.9, கடைசியாருக்கு 8.8. ஆய்வுகூடத் தலைவர் மிகக் குறைவாகப் பெறுகிறார் பாருங்கள். நமது துறையின் வழக்கத்தை அறியாத சூத்திரம் அது. ஒரே வேலைக்கு ஒரு கணக்கில் முழுக் கட்டுரை, இன்னொன்றில் ஏழில் ஒரு பங்கு அளவு.

2005 இல் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் முன்வைத்த எச் சுட்டெண்ணுக்கு இந்த இடவரிசை கண்ணிலேயே படாது. பத்துக் கட்டுரைகள் ஒவ்வொன்றும் குறைந்தது பத்துத் தடவை மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் எச் பத்து. நீங்கள் முதலாமவரா ஐயாயிரமாவது ஆளா என்று அது கேட்காது. ஐயாயிரம் என்பதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை. 2015 இல் ஹிக்ஸ் துகளின் நிறையை அளந்த இயற்பியல் கட்டுரைக்கு 5,154 ஆசிரியர்கள். அதன் 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களுக்கும் அவர்களின் நிறுவனங்களுக்கும் போயிற்று. தாவர உலகில் வேறு வழியும் இருந்தது: 2000 டிசம்பரில் அரபிடோப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியின் மரபணுத்தொகுதி வெளியானபோது ஆசிரியர் இடத்தில் நின்றது அந்தக் கூட்டு முயற்சியின் பெயர். ஓர் இதழின் கட்டுரைகள் சராசரியாக எத்தனை தடவை மேற்கோள் காட்டப்படுகின்றன என்று சொல்லும் தாக்கக் காரணியைப் பற்றி ஒன்றே சொல்வேன்: அது இதழுக்கான எண், உங்களுக்கான எண் இல்லை. விண்ணப்பத்தில் அதை எழுதி இடத்தை வீணாக்க வேண்டாம்.

மேற்கோள் எண்ணிக்கை நம்மை வேறு விதத்தில் பாதிக்கிறது. எத்தனை கூடங்கள் அதே செடியில் வேலை செய்கின்றனவோ அதற்கேற்பவே மேற்கோள் வரும். அரபிடோப்சிஸில் ஆயிரக்கணக்கான கூடங்கள் வேலை செய்கின்றன. பனையை எடுங்கள். ஆண் பனையா பெண் பனையா என்று பூக்கும்வரை தெரியாது. பூக்கப் பன்னிரண்டு பதினைந்து ஆண்டுகளாவது செல்லும். நாற்றுப் பருவத்திலேயே பால் அறிய ஒரு டிஎன்ஏ அடையாளம் உறுதியாகக் கிடைத்தால் வடக்கில் பனை நடுகின்ற ஒவ்வொருவருக்கும் அது பயன்படும். பனைக்கு ஒரே ஒரு வளர்நுனி, பக்கக்குட்டியும் விடாது. இழைய வளர்ப்புக்கு அது எவ்வளவு கடினம் என்பது முயன்றவர்களுக்குத் தெரியும். பனை ஆராய்ச்சி நிறுவனம் உள்ள கைதடியிலோ வேறெங்கோ இதில் பத்து ஆண்டு செலவழிப்பவருக்கு எச் சுட்டெண் மூன்றோ நான்கோ தாண்டாமல் போகலாம். அந்த எண்ணை வைத்து அவரை எடைபோடுவதை நான் ஏற்றுக்கொள்ள மாட்டேன். ஆய்வை மதிப்பிடும் முறை பற்றி 2013 இல் வெளியான சான் பிரான்சிஸ்கோ பிரகடனமும் 2015 இன் லைடன் அறிக்கையும் இதைத்தான் கேட்டன: எண்ணைப் பார்ப்பதற்கு முன் வேலையைப் படியுங்கள், உள்ளூர்த் தேவையோடு பொருந்திய ஆய்வை மதியுங்கள்.

மேற்கோள் பெரும்புகழையும் தவறவிடும் என்பதற்கு முராஷிகேயே சாட்சி. அந்தக் கட்டுரை தாவரவியலில் மிக அதிகமாக மேற்கோள் காட்டப்பட்டவற்றில் ஒன்று. அப்படியிருந்தும் இன்று எத்தனையோ பேர் 'எம்.எஸ். ஊடகம் பயன்படுத்தினோம்' என்று மட்டும் எழுதிவிட்டு மூலத்தைக் குறிப்பிடாமல் போகிறார்கள். பொதுவறிவில் கரைந்துவிட்ட கண்டுபிடிப்பு மேற்கோளில் மறைந்துபோகும் என்பதைச் சமூகவியலாளர் ரொபர்ட் மேர்ட்டன் எடுத்துச் சொல்லியிருக்கிறார்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லவேண்டும், ஏனென்றால் இது மூன்றாம் இடத்தைவிட உங்களைக் கூடுதலாகப் பாதிக்கலாம். கட்டுரையில் உங்கள் பெயர் எப்படி அச்சாகியிருக்கிறது? நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தந்தையின் பெயரின் முதலெழுத்து, பிறகு நம் பெயர். இதழின் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டங்களை நீட்டுகிறது. எடுத்துக்காட்டுக்கு இரா. கலைவாணி என்று வைப்போம். இரண்டாம் கட்டத்தில் தந்தையின் பெயரான இராசையாவைப் போட்டால், உலகம் முழுவதும் 'இராசையாவும் பிறரும்' என்று மேற்கோள் காட்டும். ஆய்வுகூடத்தின் வாசலையே காணாத அப்பாவின் பெயரில் வேலை சேர்ந்துகொண்டிருக்கும். அடுத்த கட்டுரையில் கலைவாணியை அந்தக் கட்டத்தில் போட்டால் தரவுத்தளம் இருவர் என்று நினைக்கும். திருமணத்துக்குப் பின் கணவரின் பெயர் முதலெழுத்தாக வந்தால் மூன்றாவது ஆள் பிறந்துவிடுவார். ஆங்கில எழுத்துக்கூட்டல் வேறு. பிறப்புச் சான்றிதழில் 'த'வுக்கு இரண்டு எழுத்து, கடவுச்சீட்டில் ஒன்று. 'ழ'வுக்கு ஆளுக்கொரு முறை. இதற்கு எதிர்ப்பக்கமும் உண்டு: ஒரே முதலெழுத்தும் ஒரே பெயரும் உள்ள இரண்டு மூன்று பேர் ஒரே நகரத்தில் இருந்தால் எல்லோர் கட்டுரைகளும் ஒருவர் கணக்கில் விழும்.

எனக்கே இது நேர்ந்தது. என் தொடக்கக் காலக் கட்டுரைகள் தந்தையின் பெயரிலும் பிந்தியவை என் பெயரிலும் பிரிந்து கிடந்தன. ஒரு புலமைப்பரிசில் நேர்முகத்தில், பட்டியலில் இருந்த பாதிக் கட்டுரைகள் என்னுடையவை என்று நான் வாதாட வேண்டியிருந்தது. பெண்களுக்கு இது இன்னும் கொடுமை. திருமணத்துக்கு முன்னான ஐந்தாறு ஆண்டு உழைப்பு கணக்கிலேயே வராத விரிவுரையாளர்களை எனக்குத் தெரியும்.

2012 அக்டோபரில் தொடங்கிய ஓர்கிட் என்ற அடையாள எண் இதற்காகத்தான் வந்தது. பதினாறு இலக்கம், இலவசம், பத்து நிமிட வேலை. இன்றே எடுங்கள். உங்கள் பெயரின் எல்லா வடிவங்களையும் அதற்குள் பதிந்து, இந்தக் கட்டுரையையும் இணைத்துவிடுங்கள். பிறகு ஒரு எழுத்துக்கூட்டலைத் தெரிவுசெய்து, திருமணமோ குடிபெயர்வோ எது வந்தாலும் ஆய்வில் அதை மாற்றாதீர்கள்.

இப்போது உங்கள் கட்டுரைக்கு வருவோம். வெளிவந்த பின் வரிசையை மாற்றுவது கடினம். இதழ்கள் எல்லா ஆசிரியர்களின் எழுத்துமூலச் சம்மதத்தையும் கேட்கும், காரணமும் கேட்கும். ஆனால் கட்டுரையின் முடிவில் பங்களிப்புக் குறிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கிரெடிட் என்ற முறைமையில் பதினான்கு பாத்திரங்கள் உள்ளன: எண்ணக்கரு, முறையியல், பரிசோதனையைச் செய்தல், தரவைப் பேணுதல், பகுப்பாய்வு, முதல் வரைவு எழுதுதல், மேற்பார்வை, நிதி பெறுதல் போன்றவை. 2022 இல் அமெரிக்காவில் அது தேசியத் தரமாகவும் ஏற்கப்பட்டது. பரிசோதனை, தரவு, முதல் வரைவு மூன்றுக்கும் எதிரே உங்கள் பெயர் இருந்தால், நேர்முகத்தில் அந்தப் பக்கத்தைத் திருப்பிக் காட்டுங்கள். மூன்றாவது என்ற எண்ணைவிட அது வலிமையாகப் பேசும். குறிப்பு இல்லையென்றால் மேற்பார்வையாளரிடம் பரிந்துரைக் கடிதம் கேட்கும்போது, 'பரிசோதனை வேலை முழுவதும் இவருடையது' என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்க்கும்படி கேளுங்கள். விண்ணப்பத்தில் கட்டுரையின் கீழேயும் உங்கள் பங்கை ஒரு வரியில் எழுதுங்கள். நல்ல ஆய்வுகூடத் தலைவர்கள் அந்த வரியைத்தான் தேடுவார்கள். பிறகு உங்களிடம் கறுத்துப்போன ஊடகத்தைப் பற்றி ஒரு கேள்வி கேட்பார்கள். எட்டு மாதம் அதற்குள் கிடந்தவருக்கு மட்டுமே அதற்குப் பதில் தெரியும்.

மேற்பார்வையாளரிடம் நேரில் போய்க் கேட்கவும் வேண்டும். நம் ஊரில் ஆசிரியரிடம் கணக்குக் கேட்பது மரியாதைக் குறைவு என்ற எண்ணம் ஆழமாக இருக்கிறது. 'சேர், வரிசை எப்படித் தீர்மானிக்கப்பட்டது என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்' என்று சொல்வதில் எந்தக் குறைவும் இல்லை. அவர் சொல்லும் காரணம் நியாயமாக இருக்கலாம். உங்களுக்கு முன் யாரோ இரண்டு ஆண்டு ஓமோன் அளவுகளைச் சரிபார்த்திருக்கலாம். இல்லையென்றால், கேள்வி எழுந்தது என்ற உணர்வாவது அவருக்கு வரும். என்னிடம் அப்படி யாரும் வந்து கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தச் சைக்கிளில் வந்தவரின் பெயர் இன்று வரிசையில் இருந்திருக்கும்.

உங்கள் கன்றுகள் வன்பதனம், அதாவது வெளிச்சூழலுக்குப் பழக்குதல், முடிந்து தோட்டத்தில் நிற்கின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். குலை தள்ள இன்னும் சில மாதங்கள் இருக்கின்றன. அந்தக் குலையின் நிறை, சீப்பின் எண்ணிக்கை, வழமையான குட்டியிலிருந்து வந்த மரத்தோடு ஒப்பீடு, இவை அடுத்த கட்டுரை. முதல் அளவீட்டை எடுப்பதற்கு முன்பே யார் எதைச் செய்யப்போகிறோம், பெயர் எந்த இடத்தில் வரும் என்பதை ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். கன்றுகளுக்கு நிலமும் தண்ணீரும் கொடுக்கும் நீர்வேலி ஐயாவின் பங்கையும், அவர் கவனித்துச் சொல்வது தரவாகுமானால் அவருக்குரிய இடத்தையும், அதே தாளில் எழுதுங்கள்.